மச்சானுக்கு மாடி ஒதுக்கிய தீர்மானம்

தன் மச்சான் சகாயநாதன் மாடி அறையில் கால் வைக்கக் கூடாது என்று தனிஸ்லாஸ் தீர்மானித்துவிட்டார். சும்மா தீர்மானிக்கவில்லை. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, விரலை நீட்டி, "முடியாது" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடி மறுபேச்சுப் பேசவில்லை. அதையே மனைவி இருதயமேரியிடம் சொல்வதுதான் பாக்கி. கல்யாணமான நாளிலிருந்து அது ஒன்றுதான் பாக்கியாகவே இருந்து வந்தது.

சகாயநாதன் தவளக்குப்பத்தில் இருக்கிறான். கிளாரினெட் வாசிக்கிறான். வாசிக்கிறான் என்பது அவன் அக்காள் இருதயமேரி சொல்வது. அந்தக் கிளாரினெட்டிலிருந்து சத்தம் வருகிறது, அவ்வளவுதான் என்பது தனிஸ்லாஸின் கட்சி. கிறிஸ்மஸுக்கு அவனைப் புதுச்சேரியில் கோவில் பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலந்தோறும் ஒத்திகை. தவளக்குப்பத்திலிருந்து தினமும் வந்துபோக முடியுமா?

"நம்ம மாடி சும்மாத்தானே கெடக்குது. கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் இருதயமேரி.

சும்மா கிடக்கிறதாம். அந்த மாடியில்தான் தனிஸ்லாஸ் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். புதுச்சேரி உப்பளம் பகுதியில் கீழே இரண்டு அறை, மேலே ஒரே அறை உள்ள வாடகை வீட்டில், கடல்காற்றும் அமைதியும் ஒன்றாக வரும் இடம் அது ஒன்றுதான்.

நாற்பது வயதில் என்ன படிப்பு என்று கேட்பீர்கள். படிப்பின் பெயர் நிர்வாக இயல். சர்க்கார் ஊரை எப்படி ஆளவேண்டும் என்பதைப் பற்றியது. பதினெட்டு வருஷமாகச் சர்க்கார் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தும் தனிஸ்லாஸ் அதைக் கவனித்ததில்லை. கடற்கரைப் பக்கம் குடியிருந்த முசே லெரூ என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல், நாலைந்து குமாஸ்தாக்களைச் சேர்த்து இந்த வகுப்பை நடத்தினார். ஆராய்ச்சி எழுதி, அவர் கேட்கிற கேள்விக்குப் பதிலும் சொல்லித் தேறினால், அது கப்பலேறிப் பாரிசுக்குப் போகும். அங்கிருந்து பட்டம் வரும். "தொக்தெர் தனிஸ்லாஸ்" என்று வாசலில் பலகை மாட்டுவதற்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது.

முசே லெரூ முப்பது வருஷமாக இந்த ஊர்க்காரர். தமிழ் சரளமாக வரும். ஆனால் 'நீங்கள்' என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிஷப் மேற்றிராணியாரையே 'நீ' என்பார். அன்றைய வகுப்பில் அவர் சொன்னார்:

"நிர்வாகம் ஒருபோதும் 'முடியாது' என்று சொல்லாது. முடியாது என்றால் ஆள் சண்டைக்கு வருவான். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல். அவன் வீட்டுக்குப் போய்விடுவான்."

தனிஸ்லாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இது தெரியாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று நினைத்தார்.

அதோடு முசே ஒரு வேலையும் கொடுத்தார். ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு நிர்வாகத்தைக் கூடவே இருந்து பார்த்து எழுதவேண்டும். கூட வேலை பார்க்கும் பலராமன் முந்திக்கொண்டு நோணாங்குப்பத்துப் படகுத்துறையைப் பிடித்துக்கொண்டான். தனிஸ்லாஸ் தன் ஆபீசையே எழுதுகிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டார். "நீ பார்த்துக்கொண்டிருந்தால் வேலையை யார் செய்வது?" என்று அவர் விரட்டிவிட்டார். அப்போதுதான் தனிஸ்லாஸுக்கு அந்த யோசனை உதித்தது. படிப்பும் நடக்கும், மச்சானும் வரமாட்டான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே அறிவித்தார்.

"இருதயம், இன்னையிலருந்து நம்ம வீடு ஒரு நிர்வாகம்."

"இவ்ளோ நாளா என்னாவா இருந்துச்சி?"

"அலங்கோலமா இருந்துச்சு. இனிமே எல்லாம் முறைப்படி. நான் தலைமை அதிகாரி. நீ உள்துறை. அடுப்பு, தண்ணி, மீனு, துணிமணி எல்லாம் உன் பொறுப்பு. வேற எது வேணும்னாலும் என்கிட்ட மனு பண்ணணும். நான் பரிசீலிப்பேன்."

"என் தம்பி சமாச்சாரம்?"

"பரிசீலனையில இருக்கு."

"எப்ப முடியும்?"

"பரிசீலிச்சதும் முடியும்."

இருதயமேரி அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதுமே அவர் பயந்திருக்க வேண்டும். சண்டை போடாத இருதயமேரியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் படித்த மனுஷன் பாருங்கள், அதைத் தன் நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இருதயம், காப்பி."

"பரிசீலனையில இருக்குதுங்க."

"என்னது?"

"அடுப்பு உள்துறைன்னு நீங்கதானே சொன்னீங்க? மனு வந்துச்சி. பாத்துட்டிருக்கேன்."

"காப்பிக்கு என்னடி பரிசீலனை?"

"பால்காரன் வந்தானா, தூளு இருக்குதா, நேத்து ரெண்டு தரம் குடிச்சாரே, இன்னைக்கும் குடுத்தா பித்தம் ஏறுமா, இதெல்லாம் யோசிக்க வேணாமா? தடால்னு முடிவெடுக்க நான் என்னா படிக்காதவளா?"

காப்பிக்கு அனுமதி கிடைத்தபோது அவர் ஆபீசில் இருந்தார். அடுத்த வீட்டுச் சூசைமேரி அதைக் குடித்தாள். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு கேட்டார். "உங்க மனு மேல ரசம்னு உத்தரவாயிருக்குதுங்க" என்று இலையில் ரசத்தை ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை கேட்டார். அது வெளுக்கிறவர் வீட்டிலிருந்து வந்து, மடித்து, பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் விசாரணை முடியவில்லையாம். காவி ஏறிய பழைய சட்டையோடு கோவிலுக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் முழந்தாள் போட்டார்.

எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் மச்சான் வரவில்லை அல்லவா? அதை நினைத்து ஆற்றிக்கொண்டார். "உள்துறை சற்றுத் தாமதமாக இயங்கினாலும், தலைமை உறுதியாக இருக்கிறது" என்று ஆராய்ச்சியில் எழுதினார்.

இனி அவருடைய மத்தியானத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் நடுப்பகலானால் சர்க்கார் ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். பெரிய துரையிலிருந்து கடைசிச் சேவகன் வரை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துதான் மறுபடி திறப்பார்கள். தனிஸ்லாஸ் காப்பியை விட்டுக்கொடுப்பார், மீனை விட்டுக்கொடுப்பார், சட்டையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தத் தூக்கத்தை மட்டும் விடமாட்டார்.

அது இருதயமேரிக்குத் தெரியாதா? ஒரு நாள் சரியாக அவர் கண்ணை மூடுகிற சமயத்தில் வந்து தோளைத் தட்டினாள்.

"என்னங்க, மோர்க்காரி அஞ்சலாட்சி வந்திருக்குது. வாங்கட்டுமா?"

"இதுக்கு ஏண்டி எழுப்புற? வாங்கேன்."

"மோர் எந்தத் துறைன்னு நீங்க சொல்லலியே. நானா வாங்கினா தப்பா பூடுமில்ல?"

அரைமணி கழித்து மறுபடி தட்டினாள். விறகு வந்திருந்தது. அப்புறம் வடாத்தைக் காக்கை கொத்திற்று. விரட்டுவதற்கு அனுமதி வேண்டுமாம். தனிஸ்லாஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதோ பாரு. எங்க படிப்புல அந்தெரீம்னு ஒண்ணு இருக்கு. தலைவர் இல்லாத நேரத்துல அடுத்த படியில இருக்கறவங்க அவர் எடத்துல உக்காந்து முடிவு எடுக்கலாம். நான் தூங்கறப்ப நீதான் அந்தெரீம். என்னை எழுப்பாத."

"நான் எடுத்தா அது செல்லுமா?"

"செல்லும். நானே எடுத்த மாதிரி."

"அப்பறம் நீங்க எழுந்து வந்து அத மாத்திட்டா?"

"அது எப்படி மாத்துவேன்? தான் எடுத்த முடிவைத் தானே மாத்தினா அந்த நிர்வாகத்துக்கு என்ன மரியாதை?"

"ஓகோ" என்றாள் இருதயமேரி. "நீங்க தூங்குங்க."

மனுஷன் தூங்கினார். அப்படி ஒரு தூக்கம். மறுநாளும் ஆனந்தமாகத் தூங்கினார். அந்த மறுநாள்தான் தலைக்கு மேலே ஒரு ஓலம் கேட்டு விழித்துக்கொண்டார். யாரோ வாத்தின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நினைத்து மாடிக்கு ஓடினார்.

சகாயநாதன் ஜன்னலோரமாக நின்று கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் அவன் தேங்காயெண்ணெய்ப் புட்டியும் சீப்பும். நிர்வாக இயல் முழுவதும் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

"மாமா, உங்க மனசு யாருக்கு வரும்?" என்று அவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களே கூப்ட்டு அனுப்பினீங்கன்னு வண்டிக்காரன் பாவாடை வந்து சொன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சி."

தனிஸ்லாஸுக்கும் வந்தது. கீழே இறங்கினார்.

"யாரைக் கேட்டு இவனைக் கூப்ட்ட?"

"உங்களத்தான். நேத்து நீங்க தூங்கறப்ப முடிவு பண்ணேன். இன்னைக்கு நீங்க தூங்கறப்ப அமலுக்கு வந்துடுச்சி."

"நான் சொன்னது மோருக்கும் விறகுக்கும்டி."

"மோருக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டமா? உங்க படிப்புல அப்படியா போட்டிருக்குது?"

போட்டிருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து புத்தகம் புத்தகமாகப் பார்த்தும் கிடைக்கவில்லை. மேலே மச்சான் ஒரே கீர்த்தனையின் முதல் அடியை மறுபடி மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அடி இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அன்று முதல் தனிஸ்லாஸ் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் அரிசிப் பெட்டியின் மேல் வைத்து ஆராய்ச்சி எழுதினார். மத்தியானத் தூக்கமும் போயிற்று. ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். முசே லெரூ கேள்வி கேட்க நேரில் வருவார். அந்தெரீம் அதிகாரி மச்சானையெல்லாம் குடிவைக்க முடியாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால், அன்றைக்கே சகாயநாதனை வண்டி ஏற்றிவிடலாம்.

இதற்குள் பலராமன் தோற்றுப்போன சேதி வந்தது. "படகு எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்பவன் யார்?" என்று முசே கேட்டாராம். "காற்று, முசே" என்றானாம் பலராமன், உள்ளதைச் சொல்லி. "முடிவு எடுக்கும் ஆள் இல்லாத இடம் நிர்வாகமே இல்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தனிஸ்லாஸ் தன் ஆராய்ச்சியில் 'தலைமை' என்று வருகிற இடத்திலெல்லாம் அடிக்கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் முசே லெரூ வந்தார். இருதயமேரி இறால் வடை சுட்டு வைத்திருந்தாள். அந்த மனுவைப் பரிசீலிக்க அவளுக்கு நேரமே பிடிக்கவில்லை. முசே இரண்டு வடையைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நன்றாக எழுதியிருக்கிறாய். அந்தெரீம் பற்றி எழுதியது மிகச் சரி. அந்தெரீம் அதிகாரி செய்வது தலைவன் செய்ததுதான். அதில் விலக்கே கிடையாது."

தனிஸ்லாஸ் கேட்க வைத்திருந்த கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

"இப்போது சொல். இந்த வீட்டுக்கு நீ தலைவன்தானே?"

"ஆமாம், முசே."

"தலைவன் என்றால் முடிவு எடுப்பவன். இங்கே நீ எடுத்த முடிவு ஒன்றைச் சொல்."

தனிஸ்லாஸ் யோசித்தார். காப்பி? உள்துறை. மீன்? உள்துறை. கட்டிலில் படுப்பது சுவரோரமா, இந்தப் பக்கமா? அதுவும் கல்யாணத்தன்றைக்கே அவள் முடிவு செய்தது. முசே கடிகாரத்தைப் பார்த்தார். பலராமனின் முகம் கண்முன் வந்தது. மாடியில் கீர்த்தனையின் முதல் அடி மறுபடி ஆரம்பமாயிற்று.

"சொல்லுங்களேன்" என்றாள் இருதயமேரி, மூன்றாவது வடையை முசேயின் தட்டில் வைத்தபடி. "இதுல என்னா கூச்சம்? என் தம்பிக்கு மாடியக் குடுத்தது யாரு?"

முசே நிமிர்ந்தார். "யார் கொடுத்தது?"

அவள்தான் கொடுத்தாள் என்றால் தலைவனே இல்லை என்றாகிவிடும், தாள் திரும்பிவிடும். நான்தான் என்றால் மாடி போயிற்று. வாசலில் பலகை இல்லாமல் நிற்கும் ஆணியை நினைத்துப் பார்த்தார்.

"நான்தான், முசே."

"நீயாக யோசித்தா?"

"நானாகவே யோசித்து."

"படிக்கிற காலத்தில், தன் படிப்பறையை, மனைவியின் தம்பிக்கு!" முசே எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் எடுத்த முடிவு. நீ தேறிவிட்டாய். அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். பாரிசில் அவர்கள் மெதுவாகத்தான் படிப்பார்கள். பட்டம் வர ஒரு வருஷமும் ஆகும், இரண்டு வருஷமும் ஆகும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அதுவரை இந்த முடிவை மாற்றாதே. நான் அடிக்கடி வந்து பார்ப்பேன். மாடியில் அந்த ஆள் இல்லை என்றால் நீ சொன்னதெல்லாம் பொய் என்று நானே பாரிசுக்கு எழுதவேண்டி வரும்."

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார். வேறு எதையும் ஆட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இருதயமேரி முசேயை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சகாயம், நாளைக்கு ஊருக்குப் போயி மீதி துணிமணி எல்லாத்தையும் எடுத்தாந்துடு. கிறிஸ்மஸோட உன்ன அனுப்ப உங்க மாமாவுக்கு மனசு வல்லியாம்."