காடியின் நெற்றியில் கோயோ

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

என் மனைவி செல்வி. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

என் மகள் பவானி. அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

செல்வியின் தம்பி முத்து. வாயை மூடினால் காய்ச்சல் வந்துவிடும் ரகம்.

பொந்தியானிலிருந்து வந்த பையன் சரவணன். சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவன்.

அவனுடைய அம்மா.

நான்.

கடைசியாக, சரவணனின் காடி, அதாவது கார். வெள்ளை. புதிது. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கத்தான் வேண்டும். அன்று என்னைவிட அதுதான் அதிகம் பேசியது.

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. வாய் இருக்கிறது, சாப்பிடப் பயன்படுகிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி. லோரிக்குள் யாரிடம் பேசுவது? குலை பதில் சொல்லாது. (சொன்னாலும் நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன்.)

இதனால் ஒரு கெடுதல் முன்பே நடந்திருந்தது. தங்காக்கிலிருந்து ஒரு குடும்பம் பவானியைப் பார்க்க வந்தது. நான் தலையாட்டினேன். சிரித்தேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். போகும்போது, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஆள் மூலமாகக் காதுக்கு வந்தது. "பொண்ணோட அப்பா மூஞ்சப் பாத்தா, நாங்க என்னமோ அவரு லோரியத் தூக்கிட்டுப் போக வந்த மாரி இருந்துச்சு" என்றார்களாம்.

சரவணன் விஷயம் வேறு. அவனும் பவானியும் ஏற்கனவே பேசிப் பழகியவர்கள். அவன் அம்மா சரி என்று சொல்லவேண்டியது மட்டும் பாக்கி. அந்த அம்மாவும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி வைத்திருந்தார். "பொண்ணு இருக்கட்டும். அவ அப்பா மனசு எப்படின்னு பாக்கணும்."

செல்வி முதல் நாளே உத்தரவு போட்டாள்.

"என்னங்க, நாளைக்கு அஞ்சு வார்த்தையாச்சும் பேசிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ம்."

"இது கணக்குல சேராது."

எங்கள் பண்டார் தெங்காரா பக்கம் மழை விட்டால் செம்மண் ரோட்டுக்கு வந்துவிடும். குலை லோரிகள் டயரில் இழுத்து வருவது. (நானும் நிறைய இழுத்து வந்திருக்கிறேன்.) சரவணனின் வெள்ளைக் காடி பாதி சிவப்பாக வந்து, எங்கள் வீட்டு முன் கூரைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அவன் இறங்கினான். வணக்கம் சொன்னான். சப்பாத்தைக் கழற்றும் முன்பே பையிலிருந்து ஒரு பூப்போன்ற துணியை எடுத்து, காடியின் மூக்கில் எதையோ ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

"என்ன தம்பி?" என்றேன். (இரண்டு வார்த்தை. செல்விக்குக் கேட்டிருக்கும் என்று நம்பினேன்.)

"கேமரா அங்கிள். சேறு பட்டா காடி கத்த ஆரம்பிச்சிரும். இதெல்லாம் அதோட கண்ணு. முன்னால காடி நின்னா இதுவே பாத்துப் பிரேக் போடும். கோடு தாண்டினா இழுத்துப் புடிக்கும். காடி கழுவுற கடையில ஜெட் பம்ப இது கிட்ட கொண்டுபோனாலே எனக்கு உசுரு போயிரும். தண்ணி வேகமாப் பட்டா உள்ள எறங்கிரும். மெழுகு பட்டா மங்கிரும். கண்ட துணியால தொடச்சா கீறல் விழுந்துரும்."

நான் தலையாட்டினேன். கண் எத்தனை, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இதை எழுத வேலையே இல்லை.

உள்ளே முத்து பேசினான். மழை, ரோடு, சிங்கப்பூர் ஜாம், தன்னுடைய சர்க்கரை வியாதி எல்லாம் வந்து போயின. நடுவில் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க ஒன்னுமே சொல்லலையே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது போல் இருந்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. உங்கள் பையனைப் பிடித்திருக்கிறது. என் பிள்ளை தங்கமான பிள்ளை. இதெல்லாம் தொண்டைவரை வந்தது.

"கறிபாப் சாப்பிடுங்க" என்றேன்.

அவர் காத்திருந்தார். "அப்புறம்?"

"டீயும் இருக்கு."

அதன் பிறகு எழுந்து வெளியே போய்விட்டேன். செல்வியின் பார்வை என் முதுகில் ஆணி மாதிரி இறங்கியது.

கோபித்துக்கொண்டு போகவில்லை. லோரி ஓட்டிய காலத்தில் யாருக்காவது நன்றி சொல்லவேண்டும் என்றால், அவர்கள் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டுப் போய்விடுவேன். என் பேச்சு அதுதான். சிவப்புக் காடியில் வந்தவர்கள் வெள்ளைக் காடியில் போகட்டும். அந்த அம்மா அதைப் பார்ப்பார். என் மனசு தெரிந்துவிடும். இதுதான் திட்டம்.

ஜெட் பம்ப் என்னிடமே இருக்கிறது. லோரிச் சக்கரத்தில் காய்ந்த சேற்றைப் பெயர்க்கிற பம்ப். அதைக் கையில் எடுத்ததும் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. கண். தண்ணீர் படக்கூடாது. மூடிவிட்டால் போச்சு.

கறுப்பு டேப் ஒட்டலாமா என்று பார்த்தேன். உரிக்கும்போது பெயின்டையும் கொண்டுவந்துவிடும். மேல் தட்டில் என் கோயோ இருந்தது. இடுப்பு வலிக்கு ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரி. எப்போதும் வாங்கி அடுக்கி வைத்திருப்பேன். மெத்தென்று இருக்கும். மனுஷத் தோலையே உரிக்காதது கண்ணாடியை என்ன செய்யும்? என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டினேன். மூக்கில் ஒன்று. சைட் கண்ணாடிகளுக்குக் கீழே. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே. பம்பரில் வட்ட வட்டமாக என்னென்னவோ இருந்தன, எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். கறுப்பாக, உருண்டையாக எது தெரிந்தாலும் விடவில்லை. முன் கண்ணாடியின் உச்சியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், பெரிய கண் ஒன்று உள்ளிருந்து முறைத்தது. அதற்கு வெட்டாமல் முழுசாக ஒன்று.

ஜன்னலில் பவானியின் முகம் தெரிந்தது.

"அப்பா, காடிக்கு என்ன ஒட்டுறீங்க?"

"கோயோ."

"எதுக்குப்பா?"

"கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் காடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "கழுவிட்டு மறக்காம எடுத்துருங்கப்பா" என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

கழுவினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கழுவல் கழுவியதில்லை. சேறு சிவப்பாக ஓடி, மஞ்சளாக ஓடி, கடைசியில் தெளிவாக ஓடியது. காடி பால் மாதிரி நின்றது. கோயோவை உரிக்க ஆரம்பித்தேன். மூக்கை உரித்தேன். முன் பம்பரை உரித்தேன். ஈரத்தில் நன்றாகப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. அப்போது முத்து கத்தினான்.

"அத்தான்! அவங்க கெளம்புறாங்க!"

கையில் இருந்ததைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சரிங்க. யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார் செல்வியிடம்.

தங்காக் வார்த்தை. எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை. செல்வி சிரித்த முகமாக இருந்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. பவானி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சரவணன் காடியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கெளம்புடா" என்றார் அம்மா. ஏறிவிட்டான்.

காடியைப் பின்னால் எடுக்கச் சொல்லி முத்து ரோட்டில் நின்று கையை வீசினான். "கோஸ்தான் தம்பி, கோஸ்தான்! வா வா வா! எடம் நெறைய இருக்கு லா!"

காடி ஒரு முழம் பின்னால் போனது. பீப் என்று அலறியது. படக்கென்று தானே பிரேக் போட்டு நின்றது. உள்ளே அந்த அம்மாவின் தலை முன்னும் பின்னும் ஆடியது.

"பூனை கீனை இருக்கா மாமா?" என்று முத்துவிடம் கேட்டாள் பவானி.

முத்து குனிந்து பார்த்தான். "பூனையும் இல்ல, ஒன்னும் இல்ல. வா தம்பி!"

மறுபடியும் ஒரு முழம். மறுபடியும் அலறல். மறுபடியும் படக்.

"ஏன்டா, காடி போமாட்டேங்குது?" அம்மாவின் குரல் வெளியே கேட்டது. "உள்ள வேற என்னமோ தைல வாட அடிக்குது."

நான் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

சரவணன் இறங்கினான். பின்னால் போனான். குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. நானும் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். பின் பம்பரில் என் கோயோக்கள் வரிசையாக இருந்தன. கண்ணை மூடினால் காடிக்குப் படம் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டங்கள் கண்ணே இல்லையாம். பின்னால் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் சென்சாராம். அதன் மூஞ்சியில் கோயோவை அப்பினால், சுவர் ஒட்டி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுமாம். இது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, பிடிபட்டுவிட்டேன் என்பது மட்டும்தான்.

அவன் ஒன்றை உரித்தான். முகர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது.

"மாமா," என்றான் மெதுவாக. காலையிலிருந்து அங்கிள், அங்கிள் என்று இருந்தவன். "இது மாரி மொத்தம் எத்தன ஒட்டுனீங்க?"

எண்ணிக்கைக்குப் பதில் வேறு ஒன்று வாயில் வந்தது. அவ்வளவு நீளமாக நான் அதற்குமுன் பேசியதே இல்லை.

"கண்ணுன்னு சொன்னீங்க. தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க. நம்ம பிள்ள காடி, சேத்தோட அனுப்ப மனசு வரல. அதான் மூடிட்டுக் கழுவினேன்."

கதவு திறந்தது. அந்த அம்மா இறங்கி வந்தார். பம்பரைப் பார்த்தார். காடியைச் சுற்றி ஒரு நடை நடந்து முன்னால் போனார். அங்கே நின்றுவிட்டார். முன் கண்ணாடியின் உச்சியில் அந்த முழுக் கோயோ அப்படியே இருந்தது. நடுக் கண்ணாடி மறைத்ததால் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"என்ன அண்ணே," என்றார். "நெத்தியில பத்து போட்டு வுட்டுருக்கீங்க? காடிக்குத் தலவலியா?"

முதலில் சிரித்தது பவானி. பிறகு அவர். பிறகு செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. முத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம பிள்ளன்னு சொன்னீங்கல்ல, கேட்டுச்சு" என்றார் அந்த அம்மா என்னிடம். "அத உள்ள உக்காந்துருக்கும்போது சொல்லியிருந்தா, என் கழுத்து சுளுக்கியிருக்காது." செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டாம் முறை டீ போட்டார்கள். நாள் பார்க்கிற பேச்சு ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

நானும் சரவணனும் வெளியே காடியோடு இருந்தோம். கோயோ வந்துவிட்டது, பசை வரவில்லை. முத்து உதவி செய்கிறேன் என்று தின்னர் டின்னோடு ஓடி வந்தான்.

"அலமாக்! வேணாம் மாமா, வேணாம்!" என்று சரவணன் குறுக்கே விழுந்தான். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, அந்தப் பூப்போன்ற துணி. ஊறவைத்து ஊறவைத்து எடுத்தான். எனக்கும் ஒரு துணி கொடுத்தான். இருவரும் பேசவில்லை. நன்றாக இருந்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காடிக்குப் பூ அலங்காரம் செய்திருந்தார்கள். முத்து போய் அதன் நெற்றியில் ஒரு கோயோ ஒட்டிவிட்டான். ஆல்பத்தில் முதல் படம் அதுதான். சம்பந்தியம்மா போன் பண்ணினால், "அண்ணே, தலவலி தேவலையா?" என்றுதான் ஆரம்பிப்பார். என் மாப்பிள்ளை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது காடியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஏறுகிறான். கோயிலைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். போன மாதம் டயர் மாற்றப் போன இடத்தில், சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று கிடைத்ததாம். அதை ஏன் ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி எல்லோரும் கூடினால், மொத்தம் எத்தனை ஒட்டினேன் என்று பந்தயம் வைக்கிறார்கள். முத்து பத்து என்கிறான். சம்பந்தியம்மா இருபதுக்குக் குறையாது என்கிறார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான். நான் வாயைத் திறந்ததில்லை. காடியில் கேமரா என்னவோ ஐந்துதான்.

பேச்சில் வராதது எழுத்தில் வரும் போலிருக்கிறது. பதினான்கு.