மழைப் படமும் பட்டு வேட்டியும்

இனி மணவறையில் ஏறமாட்டேன். இது நான் ஓகஸ்ட் மாதம் எடுத்த முடிவு. எடுத்த இடம், மொன்ட்ரியால் நகரத்தில், வில்லரேயில் எங்கள் மேல்மாடி வீட்டுக் குசினி. சாட்சி, என் மனைவி தவமலர்.

விசயம் இதுதான். தை பிறந்தால் எனக்கு எழுபது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அறுபது வந்தால், கட்டின மனைவிக்கே திரும்பத் தாலி கட்டவேண்டும். எழுபது வந்தால் இன்னொருக்கா. முதல் கட்டின தாலிக்கு என்ன குறை என்று ஒருவரும் கேட்பதில்லை. அறுபதில் தப்பிவிட்டேன். அந்தக் கிழமை பனிப்புயல். கடவுள் இருக்கிறார்.

எழுபதில் புயலை நம்பியிருக்க முடியாது. என் சிநேகிதன் சிவநேசத்துக்கு மொன்ட்ரியால்-நோரில் நடந்ததை நேரில் பார்த்தவன் நான். சொந்தபந்தம் வரிசையில் நின்று குடம் குடமாய் அவன் தலையில் தண்ணீர் ஊற்றியது. அது முடிய கமெராக்காரன் வந்தான். பலூனில் ஒரு பெரிய இதயம் செய்து வைத்திருந்தான். "அங்கிள், அன்ரியின்ரை கண்ணைப் பாருங்கோ. இன்னும் கிட்ட. இன்னும்." சிவநேசம் மனைவியின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் கண்டது அதுதான் முதல் தரம். பயந்துபோனான். படத்தில் அது நன்றாய் விழுந்திருக்கிறது.

"நான் மாட்டன்," என்றேன்.

"ஏனப்பா?"

"ஒருக்கா கட்டினது காணும்."

"அது நாற்பத்துமூண்டு வருசத்துக்கு முந்தி."

"முடிச்சு அவிழேல்லைத்தானே?"

"ஊரெல்லாம் செய்யுது."

"அப்ப ஊரைக் கட்டச் சொல்லும்."

தவமலர் சண்டை பிடித்தாள். செப்டெம்பர் முழுக்கப் பிடித்தாள். ஒக்டோபரிலும் விடவில்லை. கறியில் உப்புக் கூடியது. தேத்தண்ணியில் சீனி குறைந்தது. நான் அசையவில்லை. வெற்றி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

நொவெம்பரில் அந்தப் படம் பார்த்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மகன் பிருந்தன் வந்து தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு டொலார்ட்டில் உள்ள முருகன் கோயிலுக்குப் போய்விட்டான். நான் டிவியைப் போட்டேன். ஏதோ அழுத்தினேன். ஏதோ வந்தது. பிரெஞ்சுப் படம். மொழி பழகுவதற்கு நல்லது என்று இருந்து பார்த்தேன். அவ்வளவுதான்.

புருசன் டொக்டர். பெண்டாட்டி அழகி. படம் முழுக்க மழை. அந்த வீட்டில் ஒருவரும் லைட் போடுவதில்லை. வேலைக்குப் போகிற அவசரமும் இல்லை. அவளுக்கு வேறு ஒருத்தனோடு தொடர்பு. அவன் கீழ்வீட்டில் இருக்கிறான். புருசனுக்குச் சந்தேகம். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் திரிகிறான். நடுநடுவே கட்டில் காட்சிகள். நான் பண்பான ஆள். அவற்றை ஓட்டிவிட்டேன். ஓட்டியதில் கதை பிடிபடவில்லை. பின்னுக்கு இழுத்தேன். கதைக்காகத்தான்.

அந்தப் புருசன் ஒரு துப்பறிகிறவனிடம் போகிறான். துப்பறிகிறவன் நாலு விசயம் சொல்கிறான். போனைக் கவிழ்த்து வைப்பாள். புது சென்ற் பூசுவாள். தன்பாட்டில் சிரிப்பாள். நாலாவதுதான் பெரிசு. "உன்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாளா? கதை முடிந்தது."

நான் சிரித்தேன். என் வீட்டில் அந்தப் பயம் இல்லை. டிவியை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

அடுத்த கிழமை ஒரு நாள். தேத்தண்ணி வந்தது. சீனி சரியாய் இருந்தது. அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ. அந்த எழுபதாம் கலியாண விசயம்..."

"மாட்டன் எண்டால் மாட்டன்."

"சரி."

"என்ன சரி?"

"நீங்கள் சொன்னால் சரிதானே."

தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. நாற்பத்துமூன்று வருசத்தில் அந்த வசனத்தை நான் அவள் வாயால் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் கேட்டதில்லை. கொழும்பில் கேட்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கின அன்று, குளிரில் பல் கிட்டி அவளால் பேச முடியாமல் இருந்தபோதும் கேட்டதில்லை.

மேசையைப் பார்த்தேன். அவளுடைய போன் முகம்குப்புறக் கிடந்தது.

"ஏன் போனைக் கவிட்டு வைச்சிருக்கிறீர்?"

"அது கொஞ்சம் படுக்கட்டுமன்."

"ஆர் எடுக்கிறது?"

"எடுக்கிற ஆக்கள்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்தல்ல. வெட்டிக்கொண்டிருந்த வாழைக்காயைப் பார்த்து.

அன்று பின்னேரம் சாமியறைப் பக்கமாய் ஒரு வாசம் வந்தது. எங்கள் வீட்டில் சாதாரணமாய் நோவெண்ணெய் மணக்கும். மிஞ்சினால் கற்பூரம். இது மல்லிகையும் இல்லை, ரோசாவும் இல்லை. இது பணக்கார வாசம்.

"என்ன இது?"

"சென்ற்."

"ஆர் வாங்கித் தந்தது?"

"நீங்கள் இல்லை."

எனக்கு நித்திரை போய்விட்டது. படத்தில் கீழ்வீட்டில் ஒருத்தன் இருந்தான் என்றேனே. எங்கள் கீழ்வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான். றெனோல்ட். ஹெயிட்டிக்காரன். மனைவி செத்து நாலு வருசம். பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். ஆறடி. பல்லெல்லாம் சொந்தப் பல். தவமலரைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, குனிந்து, "போன்ஜூர், மதாம்" என்பான். இவ்வளவு காலமும் அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. தவமலர் நல்ல சீலை கட்டி, மேலே கோட்டுப் போட்டாள். 

"எங்கை வெளிக்கிட்டீர்?"

"வெளியிலை."

"வெளியிலை எண்டால்?"

"வீட்டுக்குள்ளை இல்லை."

"பஸ்ஸிலையோ?"

"இல்லை. றெனோல்ட்டின்ரை காரிலை."

"ஏன், என்னட்டைக் கார் இல்லையோ?"

"பனி கொட்டினால் ஸ்ரேறிங்கைத் தொடமாட்டன் எண்டு சொன்னது ஆர்?"

நான்தான். என் வாய் எனக்கே எதிராய்ச் சாட்சி சொல்கிறது.

படியில் இறங்கும்போது அவள் றெனோல்ட்டிடம் சொன்னது கேட்டது. "ஜோன்-தலோன். மெத்ரோ பார்க் கிட்ட. மெர்சி, றெனோல்ட்." எனக்கு அவள் மெர்சியும் சொன்னதில்லை, நன்றியும் சொன்னதில்லை.

நான் தொப்பி போட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டேன். மூக்குவரை சால்வை சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. நடந்துபோய் மெத்ரோ ரயில் எடுத்தேன். எங்கள் ஸ்ரேசனிலிருந்து பார்க் ஸ்ரேசன் ஒரே ஒரு தரிப்பு. அவர்கள் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நான் போய்விட்டேன். மொன்ட்ரியாலில் கள்ளக்காதல் செய்யக் கார் சரிவராது.

இருவரும் பிரியந்தியின் கடைக்குள் போனார்கள். பிரியந்தியிடம் சீலையும் வாங்கலாம், நகையும் வாங்கலாம், ஊர்க்கதை இனாம். ஒரு செய்தி ஊரெல்லாம் பரவவேண்டுமா? பிரியந்தியிடம் "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்று சொன்னால் போதும்.

படத்தில் புருசன் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பான். நானும் நின்றேன். இந்த ஊர் விளக்குக் கம்பங்கள் ஒல்லி. நான் அப்படியில்லை.

"அண்ணை, பஸ்ஸுக்கோ நிக்கிறியள்? பஸ் அங்காலை," என்றான் வழியில் போன ஒரு பெடியன்.

"போடா."

"ஆனந்தராசா அண்ணையே! என்ன அண்ணை, கண்ணிலை ஒப்பரேசனோ?"

அவனைத் துரத்திவிட்டுக் கடைக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். பார்த்தது இதுதான். றெனோல்ட் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என் மனைவி அவனுடைய இடுப்பைச் சுற்றி வேட்டி கட்டுகிறாள். பட்டு வேட்டி. மயில்நீலக் கரை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்தப் படத்தில் எத்தனையோ காட்சி வந்தது. இப்படி ஒன்று வரவில்லை. கீழே ஜீன்ஸ் போட்டிருந்தான், அது உண்மை. என்றாலும் வேட்டி வேட்டிதான்.

கதவைத் தள்ளினேன். அது இழுக்கிற கதவு. பிறகு இழுத்தேன்.

"என்ன நடக்குது இஞ்சை?"

"போன்ஜூர், முசியே ஆனந்தா!" றெனோல்ட் கையை ஆட்டினான். வேட்டி நழுவியது.

"அசையாதையும்," என்று அவனைத் தமிழில் அதட்டினாள் தவமலர். அவனும் அசையவில்லை. அவனுக்குத் தமிழ் விளங்குகிறது! எவ்வளவு காலமாய்?

"தவம்! எனக்கு ஒரு நாளாவது வேட்டி கட்டிவிட்டிருக்கிறீரா?"

"நீங்கள்தான் வேட்டியே கட்டமாட்டன் எண்டு நிக்கிறீங்கள்."

"இந்தாளுக்கு எதுக்கு வேட்டி?"

"ஒரு கலியாணத்துக்கு."

"ஆற்றை கலியாணம்?"

தவமலர் தலையைக் குனிந்தாள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். கடையில் சீலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிவிட்டார்கள்.

"இன்னும் முடிவாகேல்லை," என்றாள். "மாப்பிள்ளை ஓமெண்டு சொல்லவேணும்."

றெனோல்ட் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்தான். என் கண் இருட்டியது. காதில் மழைச் சத்தம் கேட்டது. அந்த நேரம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிரியந்தி தன் போனில் பிடித்து வைத்திருக்கிறாள், அதனால் தெரியும்.

"கேளுங்கோ எல்லாரும்! தவமலருக்கு ஆரும் தாலி கட்டுறதெண்டால் அது நான்! இந்த ஆனந்தராசா! தையிலை கட்டுவன்! மணவறை போட்டுக் கட்டுவன்! நாலு பேர் பாக்கக் கட்டுவன்!"

கடையே கைதட்டியது. றெனோல்ட் "பிராவோ!" என்றான். வேட்டி முழுதாய் விழுந்தது.

"நாலு பேர் என்ன அண்ணை, ஊரே பாக்கும்," என்றாள் பிரியந்தி. சொல்லிக்கொண்டே லாச்சியைத் திறந்து ஒரு பட்டுச் சட்டையை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். அளவு பிசகவில்லை.

"இது எப்ப தைச்சது?"

"செப்டெம்பரிலை."

"நான் மாட்டன் எண்டு சண்டை பிடிச்ச செப்டெம்பரோ?"

"அதே செப்டெம்பர்தான். அக்கா சொன்னவ, ஆள் பேந்து வழிக்கு வரும் எண்டு."

திரும்பி வரும்போது றெனோல்ட் கார் ஓட்டினான். தவமலர் முன்னால் இருந்தாள். நான் பின்னால், பார்சல்களோடு பார்சலாய்.

"படம் நல்லதே?" என்று கேட்டாள்.

"எந்தப் படம்?"

"மழைப் படம்."

நான் கண்ணாடியால் பனியைப் பார்த்தேன்.

"அது பிருந்தன்ரை எக்கவுண்ட் அப்பா. நீங்கள் இஞ்சை பாத்தால் அங்கை அவையின்ரை டிவியிலையும் வந்து நிக்கும். பேரப்பிள்ளையள் கார்ட்டூன் போடப் போயிருக்குதுகள். 'இந்தப் படத்தை விரும்பிப் பார்த்த உங்களுக்கு' எண்டு பத்துப் படம் வரிசையாய் வந்ததாம். எல்லாத்திலையும் சட்டை குறைவாம். மருமகள் போன் எடுத்துச் சிரிக்கிறாள். நான் மாமாவைச் சுகம் விசாரிக்கிறாள் எண்டு நினைச்சன்."

"அது நான்... பிரெஞ்சு பழக..."

"ஓம், நானும் பழகினன். முழுக்க இருந்து பாத்தன். அந்த மனுசி செய்ததெல்லாம் செய்தன். மழையிலை நனையிறதை மட்டும் விட்டிட்டன். எனக்கு ஆஸ்துமா."

"அப்ப சென்ற்?"

"மருமகளின்ரை. அண்டைக்கே திருப்பிக் குடுத்திட்டன்."

"போனைக் கவிட்டது?"

"ஐயர் நாள் பாத்து மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தவர்."

"சண்டை பிடியாமல் விட்டது?"

"அதுதானப்பா கஸ்டமாய் இருந்தது," என்றாள். உண்மையாகவே பெருமூச்சு விட்டாள்.

றெனோல்ட்டுக்குக் கதை எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. முதுகு மட்டும் குலுங்கியது.

நான் நிபந்தனை போட்டேன். தோற்றாலும் ஒரு மரியாதை வேண்டாமா? "சின்னதாய்ச் செய்யவேணும். வீட்டு ஆக்கள் மட்டும். தண்ணி ஊத்தக்கூடாது. பலூன் கூடாது. அந்தக் கமெராக்காரன் என்ரை கண்ணிலை படக்கூடாது."

"நீங்கள் சொன்னால் சரி."

இரண்டாம் தரம் கேட்டபோதுதான் அந்த வசனத்தின் பயங்கரம் முழுதாய் விளங்கியது.

தையில் நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கே தெரியாத என் சொந்தங்கள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருந்தார்கள். வெளியே இருபத்தைந்து பாகைக் குளிர், சைபருக்குக் கீழே. உள்ளே குடம் குடமாய்த் தண்ணீர். பெரிய குடம் றெனோல்ட்டின் கையில். வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டியிருந்தான். சிவநேசம் முன்வரிசையில் இருந்து என்னைப் பார்த்து ஆனந்தமாய்ச் சிரித்தான். இதயப் பலூன் இரண்டு. ஒன்று கமெராக்காரனின் அன்பளிப்பாம்.

சீலை மாற்றி வந்து தவமலர் பக்கத்தில் இருந்தாள். தாலியை எடுத்தேன். அவள் கழுத்தை முன்னுக்கு நீட்டினாள். பின்கழுத்து மயிரெல்லாம் வெள்ளை. நாற்பத்துமூன்று வருசத்துக்கு முன் இதே கழுத்தில் முடிச்சுப் போட்டபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தமுறை பார்த்தேன். கமெராக்காரன் சொல்லாமலே பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்ன?"

"ஓமப்புகை," என்றாள்.

மூன்றாம் முடிச்சையும் போட்டேன். மேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. கொஞ்சம் காதுக்குள்ளும் போனது. அவள் பக்கம் சரிந்து மெல்லமாய், ஆனால் கண்டிப்பாய்ச் சொன்னேன்.

"சரி. கட்டியாச்சு. இத்தோடை எல்லாம் முடிஞ்சுது. இனி என்னை ஒண்டுக்கும் கேக்கக்கூடாது."

தவமலர் தலையாட்டினாள். பிறகு நிமிர்ந்து, கதவடியில் இடமில்லாமல் நின்ற ஆட்களை ஒருதரம் நோட்டம் விட்டாள்.

"எண்பதுக்கு இந்த மண்டபம் காணாது," என்றாள்.