சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு மலை

“மூட்டமா இருக்குதே தம்பி,” என்றார் தெய்வசிகாமணி, பகலவன் எடுத்துவந்த படத்தைப் பார்த்து.

பகலவனால் மறுக்க முடியவில்லை. கல்வராயன் மலையில் படம் எடுத்த அன்று நிஜமாகவே மூட்டம்தான். சின்னசேலத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் எடுத்தே அலுத்துப் போனவன் அவன். கள்ளக்குறிச்சியில் பெரியவர் திறக்கப்போகும் இந்த ஓட்டல்தான் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் முழுக்க மலை. அதன் கீழே அவன் பெயர்.

மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு, அதே மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினான். இந்த முறை உச்சி வெயில். கேமராவில் மலைக்குத் தக்கபடி வெளிச்சம் வைத்தால் வானம் சுண்ணாம்பாக வெளுத்தது. வானத்துக்குத் தக்கபடி வைத்தால் மலை கரிச்சட்டி ஆனது. இரண்டையும் எடுத்துவந்து, கம்ப்யூட்டரில் கண் எரிய எரிய ஒட்டுப்போட்டான்.

“இப்பவும் மூட்டம்தான். மஞ்சளா வேற இருக்குது.”

மஞ்சளைக் குறைத்தான். பாம்பு கடித்த உடம்பு போல மலை நீலம் பாரித்தது.

“மூட்டம் போவலியே தம்பி. மழ வுட்டதும் போய் எடுத்துப் பாரேன்.”

போனான். நனைந்த சட்டையோடு காத்துக் கிடந்தான். மேகம் பிளந்து, ஒரு பக்கமாக வெயில் விழுந்தது. அந்தப் படத்தில் ஒவ்வொரு மரமும் தனித்தனியே நின்றது. அவன் எடுத்ததிலேயே நல்ல படம், திருத்த ஒன்றுமில்லை.

தெய்வசிகாமணி வெகுநேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“இன்னா தம்பி, மூட்டமாவே எடுத்துக்கினு வர்றியே!”

வீட்டில் மனைவி ராதிகா சொன்னாள்: “அவரு கேக்கறத குடுத்துட்டு வந்து தூங்குங்க. மூஞ்சே சரியில்ல.”

பகலவன் கம்ப்யூட்டரில் நிறம், வெளிச்சம் என எல்லா அளவையும் கடைசி வரைக்கும் தள்ளினான். மரங்கள் கிளிப்பச்சை ஆயின. வானம் சொட்டு நீலம். பாறைகள் ஜிகினா ஒட்டியது போல் மினுங்கின. கூசிக்கொண்டே நீட்டினான்.

“இதான்யா மல!” பெரியவர் துள்ளி எழுந்தார்.

அன்றே அச்சுக்குப் போய், சுவரிலும் ஏறிவிட்டது. கீழே கொட்டை எழுத்தில் ‘ஒளிப்படம்: பகலவன்’. பெரியவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

காபி கொண்டுவந்த அவர் மருமகள் தேவதர்ஷினி, சுவரை நிமிர்ந்து பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள்.

“மாமாவத் தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சி. இப்ப ஆபரேஷனுக்குத்தான் போறாரு. திறப்பு விழாவுக்கு வந்து உங்க படத்த நல்லா தெளிவா பாப்பாரு.”