சனிக்கிழமை சைரன்

இன்னும் ஒரு பந்து தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. லொய்மாத்தாவின் உள்ளங்கைகள் இரண்டும் பணியாரம் போல் உப்பியிருந்தன.

ஆனோ ஆட்டத்தில் முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அதை வாங்கி எதிரணிப் பக்கம் அடிப்பது போதகர் வேலை. தாழை ஓலையில் இறுக்கி முடைந்த பந்து கல்லைப் போல வரும். அன்று அவள் நான்கு முறை நழுவவிட்டிருந்தாள். போதகர் ஐந்து முறை காற்றை அடித்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அணிக்கும் ஒன்பது புள்ளி; பத்து எடுத்தால் வெற்றி.

தோற்பதுகூடப் பெரிதில்லை. ஜெயித்தவர்கள் மாலையில் ஆடிப் பாடும்போது, கடைசிப் பந்தை விட்டவர் பெயர் பாட்டில் ஏறிவிடும். அவள் கணவனின் சித்தப்பா விட்ட பந்தை இருபது வருடமாகப் பாடுகிறார்கள். அவர் இறந்தே எட்டு வருடமாகிறது. எதிரணியில் பாட்டுக் கட்டுபவள் மாமியார் சிலாஃபாகா.

"உன் பேருக்குத் தோதா ஒரு மெட்டு வெச்சிருக்கேன்மா," என்றாள் மாமியார் இளநீர் இடைவேளையில். அன்பாகத்தான் சொன்னாள்.

லொய்மாத்தா விமான ஓடுபாதை ஓரத்து சைரன் அறைக்கு ஓடினாள். ஆட்டம் ஓடுபாதையில்தான் நடந்தது; தீவில் வேறு சமதரை கிடையாது. ப்ளேன் இறங்குமுன் ஆட்களை ஒதுக்க சைரன் அடிப்பவன் கிலிஃபி, அவள் சித்தி மகன்.

"டேய், சைரன் அடிடா. எல்லாரும் கலைஞ்சிட்டா ஆட்டம் ரத்து."

"சனிக்கிழமை ஏதுக்கா ப்ளேன்? என் வேலை போயிடும்."

"உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவடா நான்."

"அதுக்கு? போக்கா, போய்ப் பந்தைப் பிடி."

திரும்பி வந்து வரிசையில் நின்றாள். போதகர் மட்டும் முகம் கழுவப் போய்த் தாமதமாக வந்தார். பந்தை எடுக்கப் போகும் நேரத்தில் சைரன் அலறியது. தம்பி மனசு இளகிவிட்டான் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஆட்களும் பன்றிகளும் மோட்டார் பைக்குகளும் ஓடுபாதையை விட்டு இறங்கினார்கள். அடுத்த ஐந்து நிமிடம் அவள் சொர்க்கத்தில் இருந்தாள்.

"சனிக்கிழமையில என்ன ப்ளேன்?"

"மந்திரியா இருக்கும்."

உடனே பூமாலைக்கு ஏற்பாடானது. அவள் கையிலும் ஒரு ஊசியைக் கொடுத்தார்கள். வராத மந்திரிக்கு அவளும் தலையைக் குனிந்துகொண்டு பூக்கோர்த்தாள்.

ஒரு மணி நேரமாயிற்று. வானத்தில் பறவைகள்தான் பறந்தன. சைரன் அறை பூட்டிக் கிடந்தது. கிலிஃபியைக் காணவில்லை.

"ப்ளேன் திரும்பிப் போயிருக்கும்," என்றாள் லொய்மாத்தா மெதுவாக.

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரேடியோவுல... சொன்ன மாதிரி இருந்தது."

அந்தப் பொய் கூட்டத்தின் மறுகோடிவரை போய், வேறு உருவத்தில் அவளிடமே திரும்பி வந்தது. இன்ஜின் கோளாறாம். கடலுக்கு மேலே வட்டமடிக்கிறதாம்.

நான்கு பேர் படகைத் தள்ளினார்கள். போதகர் எல்லாரையும் மண்டியிடச் சொல்லிக் கண்ணை மூடி ஜெபித்தார். இவ்வளவு உருக்கமாக அவர் ஜெபித்து யாரும் கேட்டதில்லை.

மாமியார் அவள் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிநாட்டுக் கப்பல்ல வேலை பாக்குறானே என் சின்னவன், சொல்லாம கொள்ளாம வந்து நிப்பேன்னு எழுதியிருந்தான். அதுல அவன்தான்மா இருக்கான்." அவள் அழுகை லொய்மாத்தாவின் தோளை நனைத்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"ப்ளேனே இல்ல அத்தை. நான்தான் சைரன் அடிக்கச் சொன்னேன். பந்தை விட்டுடுவேன்னு பயமா இருந்துச்சு."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் அவள் கையை மெல்ல விட்டாள். பின்வரிசையில் யாரோ ஏற்கெனவே ஒரு மெட்டை முணுமுணுத்தார்கள். பவளத்திட்டு பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மன்னிச்சு விட்டுடுவோம்," என்றார் போதகர் அவசரமாக. "பலவீனம் எல்லாருக்கும் உண்டு. இதைப் பத்தி இனி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிலிஃபியையும் தேட வேண்டாம்."

என்ன பெரிய மனசு என்று கூட்டம் நெகிழ்ந்தது. லொய்மாத்தா விம்மிக்கொண்டே அவருக்கு நன்றி சொன்னாள்.

அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்த கிலிஃபியை இரண்டு பேர் இழுத்து வந்துவிட்டார்கள். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

"அக்காவை ஏன் அழ வெக்கிறீங்க? அக்கா கேட்டப்ப முடியாதுன்னுதானே சொன்னேன். அப்புறம் போதகர் ஐயாவே வந்து கேட்டா நான் எப்படி மறுக்கிறது?"