கோடீஸ்வரனும் ஒரு கோடி பாக்கெட்டும்

"தொண்ணூத்திரண்டு லட்சம்!" என்று அலறிவிட்டு நாற்காலியில் தொப்பென்று விழுந்தான் கோடீஸ்வரன்.

அது அலுவலகம் வைத்த பெயர். இணையத்தில் ஓடும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, வழிபார்த்துத் தள்ளிவிடும் ரூட்டர் வேலைக்கு விலையுயர்ந்த பெட்டி எதற்கு? யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருள் இருக்கிறது. அதைச் சாதாரண சர்வரில் போட்டு நொடிக்கு ஒரு கோடி தள்ளிக்காட்டுகிறேன் என்று மூன்று மாதமாக எல்லாரிடமும் மார்தட்டியதால் வந்த வினை.

மூன்று மணிக்கு மேலாளர் வந்து பார்ப்பார். ஒரு கோடி ஓடாவிட்டால், போன வாரச் சோதனையில் அலட்டிக்கொள்ளாமல் ஓடிய பெட்டியையே வாங்கிவிடுவார். கோடீஸ்வரன் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று காலம் தள்ள வேண்டியதுதான்.

மணி ஒன்றேகால்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சோதனைக்குப் பாக்கெட் அனுப்பும் இயந்திரத்தின் முன், அலுவலகமே அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியர் உட்கார்ந்திருந்தார். வேலையில் கெட்டி, மனசுதான் வெண்ணெய். பிரிண்டர் காகிதத்தை மென்றால்கூட, "பாவம், அதுக்கும் அசதி இருக்காதா?" என்பார்.

"என்ன தம்பி, தாங்கலையா?"

"தாங்கலக்கா! மூச்சு முட்டுது. இருங்க, இன்னும் ரெண்டு கோர் குடுத்துப் பாக்கறேன்."

சர்வரின் மூளையில் இரண்டு பங்கைக் கூடுதலாக ஒதுக்கினான். அக்கா மறுபடி அனுப்பினார்.

எண்பது லட்சம்.

தெம்பு கூட்டினால் ஓட்டம் குறையுமா? கோடீஸ்வரன் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தான். நகம் தீர்ந்துவிட்டதால் பேனா மூடியைக் கடித்தான்.

"என்னாச்சு தம்பி?"

"இன்னும் மோசம்க்கா! சுத்தமா தாங்கல!"

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்தான். உடனே சர்வரின் விசிறிகள் ஒப்பாரி வைக்கத் தொடங்கின. அறுபது லட்சம்.

"ஐயோ, என்ன தம்பி இப்படிக் கதறுது?"

"சூடு தாங்கலக்கா!"

சர்வரின் மேல்மூடியைக் கழற்றி வீசினான். மேலாளர் அறைக்குள் புகுந்து, கேட்காமல் கொள்ளாமல் மேஜை விசிறியைத் தூக்கி வந்து சர்வரின் முகத்துக்கு நேரே வைத்தான். மூன்று மாதக் குறிப்புகள் அறை முழுக்கப் பறந்தன. அதில் பாதியைப் பொறுக்கி நிமிர்ந்தால், திரையில் நாற்பது லட்சம்.

மணி மூன்றுக்குப் பத்து. இனி செய்ய ஒன்றும் இல்லை. மண்டியிட்டு சர்வரைத் தடவிக்கொடுத்தான்.

"தாங்கலன்னு தெரியுதுடா செல்லம். இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"என் ஃபேன் எங்கய்யா?" என்றபடி மேலாளர் நுழைந்தார். கையில் பெட்டிக்கான உத்தரவுத் தாள். "சரி, ஓட்டு."

அக்கா அனுப்பினார். இருபது லட்சம்.

"கோடீஸ்வரன்னு பேரு வச்சுக்கிட்டு என்னய்யா இது?"

"சார், ஒரு பாக்கெட்கூடத் தொலையல சார்... அது மட்டும் ஏன்னு புரியல..."

"புரிஞ்சு என்ன பண்ண? அஞ்சுல ஒரு பங்கு ஓட்டறதுக்கு மூணு மாசமா? தண்டம்! தூக்கிப் போடு இந்த டப்பாவை." மேலாளர் பேனாவைத் திறந்தார்.

கோடீஸ்வரன் தலை குனிந்து கேபிளைப் பிடுங்கப் போனான். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா ஓடி வந்தார்.

"அதைத் திட்டாதீங்க சார், பெட்டிக்குக் காசு குடுக்கறோம், அதனால போன வாரம் அதுக்கு முழுசா அனுப்பினேன், இது பாவம் சும்மா உழைக்குது, தம்பியும் தாங்கல தாங்கலங்கறாரேன்னு, ஒவ்வொரு தடவையும் நான்தான் இருபது இருபது லட்சமா குறைச்சு அனுப்பிட்டிருக்கேன்!"