நாற்பத்தொன்றில் ஒருவர்

"பூட்டின பூட்டை மறுபடி இழுத்துப் பாப்பீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூணு தடவை," என்றார் ஸ்டோர் கீப்பர், பெருமையாகவே. பதினெட்டு வருஷமாக மருந்துக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. ஒரு மாத்திரை காணாமல் போனதில்லை.

ஊழியர்களின் மனநலத்தைச் சோதிக்கக் கம்பெனி வரவழைத்த மருத்துவருக்கு அது பெருமையாகப் படவில்லை.

"நாப்பத்தோரு பேர் எழுதிக் கொடுத்த கேள்வித்தாள்ல இதுக்கு 'ஆமாம்' போட்டது நீங்க ஒருத்தர்தான். நூத்துல அஞ்சு பேர்கூடச் செய்யாத காரியம் இயல்பானது இல்ல. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"அப்ப மத்தவங்கல்லாம் பூட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்களா, டாக்டர்?"

"இப்படிக் கேட்டதும் நீங்க ஒருத்தர்தான்," என்று அதையும் குறித்துக்கொண்டார்.

அறிக்கை மேனேஜரிடம் போனால் சாவி போய்விடும். சாவி போனால் அந்த மனுஷனுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலிதான் மிச்சம். வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"எல்லாரும் போடற மாதிரி போட்டுட்டு வர்றதுதானே," என்றாள் மனைவி. "ஊர் உலகத்துல இல்லாத நேர்மை உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

அதுவும் சரிதான் என்று மறுநாள் புதுத் தாள் கேட்டு வாங்கி, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டுக் கொடுத்தார்.

"திரும்ப எழுதிக் கொடுத்ததும் நீங்க ஒருத்தர்தான்," என்றார் மருத்துவர். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, பழக்கத்தையே விட்டுக் காட்டுவோம் என்று அன்று மாலை பூட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். படிக்கட்டு வரைதான் முடிந்தது. கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு திரும்பி வந்தவர், பூட்டைத் தொடாமல் குனிந்து அதையே முறைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜரும் மருத்துவரும் வர வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாவி கைமாறியது. அந்த ஆபீசில் இருபது வருஷமாகக் காகிதம் சுமக்கும் பியூனைக் கூப்பிட்டு, "டாக்டர் லிஸ்ட்ல நூத்துக்கு நூறு இயல்பான ஆள் நீதான்ப்பா," என்று கையில் கொடுத்தார் மேனேஜர்.

ஸ்டோர் கீப்பருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதார்.

பியூனுக்கு மனசு கேட்கவில்லை. அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மனசை விடாதீங்கண்ணே. தன் தாளைத் தானே உக்காந்து எழுதினவர் நீங்க மட்டும்தான், மத்தவங்கல்லாம் நேரமில்லைன்னு என்கிட்ட நீட்டிட்டாங்க, என்னோடதையும் சேத்து நாப்பதுக்கும் நான்தான் டிக் போட்டேன்."