பிராந்தி படாத கேக்கின் வெற்றிச் சருக்கம்

சீனி மலையைச் சிறையெடுத்தவள், தன் பெயர் கேட்டாலே முட்டைக்குலம் ஓட்டுக்குள் நடுங்கும் பேராற்றலாள், கல்முனையின் கரண்டிக்கைக் கோமகள் நேசம்மா வாழ்க! வாழ்த்து முடியுமுன் அவள் உரைத்த வஞ்சினத்தைக் கேளுங்கள்: “ஒரு சொட்டுப் பிராந்தி ஊத்தாம இந்த முறை கிறிஸ்மஸ் கேக் சுடுவன். அதத் திண்டு எண்ட மனுசன் குடிவெறியில பாட்டுப் படிக்காட்டி, என்னை நேசம்மா எண்டு கூப்பிட வேணாம்!” இதைக் கேட்டு வங்கக்கடல் ஓர் அலையை அடிக்க மறந்தது. பெரியநீலாவணையில் வலையோடு நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மனுசன் என்று அவள் சுட்டியது, ஓய்வுபெற்ற தபாலதிபரும் போத்தல் காவலருமாகிய இராசதுரையை. அக்குடும்பத்துக் கேக்குக்கென வாங்கும் பிராந்தியில் பாதி கேக்குக்குள்ளும், மீதி கேக்கைக் காவல்காக்கும் வீரருக்குள்ளும் இறங்குவதே பரம்பரை முறை. முறைக்கு ஆபத்து வந்ததும் மனிதர் மலையென எழுந்தார். “இஞ்ச பாரு நேசம், பிராந்தி இல்லாத கேக் ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை மாதிரி. அதுக்குப் பேரே வைக்கேலாது!”

நேசம்மா அசையவில்லை. ஏனெனில் அவள் போர் தொடுத்தது ஒற்றைச் சொல்லின்மேல். வேலிக்கு அப்பால் வாழும் சுபைறா பெருநாள்தோறும் அனுப்பும் வட்டிலப்பத்தை நேசம்மா வீட்டார் சட்டி பளபளக்க வழித்து உண்பர். கிறிஸ்மஸ் ஆகிய நத்தார் தினத்திலோ சுபைறா வருவாள், சிரிப்பாள், கொக்கிசுப் பலகாரத்தைக் கடிப்பாள். கேக் தட்டைக் கண்டால் மட்டும், “பிறகு தின்னுறன் அக்கா” என்பாள். அந்தப் ‘பிறகு’ இத்தனை வருசமாகியும் வந்து சேரவில்லை. அதைக் கையோடு பிடித்து இழுத்துவர வேண்டும் என்பதே கோமகளின் நெஞ்சுக் கனல்.

எழுந்தது போர்! பிராந்தி கண்ட பழைய கோப்பைகள் எல்லாம் படைநீக்கம் செய்யப்பட்டன; சந்தையிலிருந்து புதுக் கோப்பை, புதுக் கரண்டி, புதுத் தட்டு அணிவகுத்து வந்தன. பேரீச்சையும் முந்திரிகை வத்தலும் சீனிப்பாகில் காய்ச்சிய பூசினித் தோசியும், இஞ்சி காரமாய்க் கலந்த சாயத்தேத்தண்ணியிலும் தோடம்பழச் சாற்றிலும் தவமிருந்து கொழுத்தன. தும்பைப் பூவுக்குப் பதிலாகத் தலையில் துவாயைச் சூடி, ரவையும் மாஜரினும் மோதிய களத்தில் நேசம்மா வலக்கை ஓய்ந்தபோது இடக்கையாலும், இடக்கை ஓய்ந்தபோது வாயாலும் போரிட்டாள். வாய்க்கு இலக்கானவர் இராசதுரை. அடுப்புக்குள்ளிருந்து எழுந்த கறுவா வாசம் வடக்கே மருதமுனை வரை சென்று திரும்பியது.

கேக் பணிந்தது. ஐசிங் பணியவில்லை! மாரிமழை கூரையில் முரசறைய, ஈரக்காற்றென்னும் மாற்றான் யன்னல் இடுக்கால் புகுந்து வெண்ணிற ரோசாக்களை ஒவ்வொன்றாய்ச் சரித்தான். மறுபுறம், எறும்புச் சேனை சுவரோரமாய் நெடுநடை கொண்டது. அஞ்சினாளா? மேசைக்கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி அகழி அமைத்தாள்; மின்விசிறியைச் சுழலவிட்டாள்; சரிந்த ரோசாக்களைக் கத்தியால் ஒரே இழுப்பு இழுத்து, “இது பூ இல்ல, கடல் அலை!” என்று பிரகடனம் செய்தாள். அலைமேல் வெள்ளிநிறச் சீனிக் குண்டுமணிகளைத் தூவ, கேக் கல்முனைக் கடலாகவே காட்சி தந்தது.

நத்தார் தினமும் வந்தது, சுபைறாவும் வந்தாள். அவளுக்கு வெட்டுமுன்பே இராசதுரை களமிறங்கிவிட்டார். ‘எண்ட பொஞ்சாதி பொய் சொல்லுவாளே தவிர, கேக்கைக் கெடுக்கமாட்டாள், கள்ளமாக ஊத்தித்தான் இருப்பாள்’ என்பது அவர் துணிபு. ஒரு துண்டு விழுங்கினார், காது சுட்டது. இன்னொன்று விழுங்கினார், கண் சிவந்தது. “பிடிச்சிட்டுது!” என்று முழங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, கதிரையைச் சுற்றிச் சுற்றி ஆடியபடி பைலா பாடத் தொடங்கினார். புயலில் அகப்பட்ட தோணியும் அப்படித் தள்ளாடியதில்லை!

தட்டை நோக்கி நீண்டிருந்த சுபைறாவின் கை, சுடுபட்டதுபோல் பின்வாங்கியது. “அக்கா... நான் பிறகு தின்னுறன்.”

ஐயகோ! வென்ற களத்தைச் சொந்தப் படையே கொள்ளையிட்டதே! நேசம்மா கத்தியை உயர்த்தினாள். “நில்லு சுபைறா! கோப்பையும் புதுசு, கரண்டியும் புதுசு. உள்ளுக்குப் போனது தேத்தண்ணியும் தோடம்பழச் சாறும் இஞ்சியும். கர்த்தர் அறிய வேற ஒரு சொட்டும் இல்ல. இந்த மனுசன் வெறிச்சது தேத்தண்ணிக்கு!”

தூக்கிய கால் தூக்கியபடியே இராசதுரை சிலையானார். பின் மெல்லக் காலை ஊன்றி, நேராக நடந்து பார்த்தார். தள்ளாடவில்லை. “தேத்தண்ணியா? அப்ப எனக்கு என்னத்துக்குத் தலை சுத்தினது?”

அந்த முகத்தைக் கண்ட சுபைறா, “அல்லாஹ்வே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முக்காடு நழுவச் சிரித்தாள். “நீங்க சொன்னாப் போதும் அக்கா, தாங்க” என்று, கடலலையில் ஒரு பெருந்துண்டை வாங்கி வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணை மூடினாள். விண்ணிலே துந்துபி முழங்கிற்று! மண்ணிலே மழை நின்றது! “வீட்டுக்கும் ரெண்டு துண்டு சுத்தித் தாங்க” என்னும் திருவாக்குப் பிறந்தது! வாகை சூடிய நேசம்மா, தன் வஞ்சினத்தின் மறுபாதிக்குக் கணக்குக் கேட்கத் தோற்ற வேந்தரின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“ஓம், நான் பாட்டுப் படிச்சதுதான்” என்று சொல்லிவிட்டு இராசதுரை கதிரையில் இருந்தார்.